கோண அடைப்புக்குள் தயிர்சாதம்

"டப்பா மாறிடுத்து, கல்யாணம்," என்றார் மகாதேவன்.

குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தாத நாட்களில்தான் கம்பெனியில் யாராவது வேலையை விட்டுப் போவார்கள்.

திங்கட்கிழமை, மத்தியானம் ஒன்றே முக்கால். ஏ.சி. கேபினுக்குள் நின்றிருந்த கல்யாணசுந்தரத்துக்கு உள்ளங்கால் வேர்த்தது.

"மாறிடுச்சா? சார்... உள்ள என்ன இருந்தது?"

"அதை என் வாயால வேற சொல்லச் சொல்றீங்களா?"

"ஐயோ, வேண்டாம் சார்."

"எனக்கு வர வேண்டியது எனக்கு வரணும். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை உங்க பிரஸ்ஸல்ஸ் லெட்டர்ல கையெழுத்துப் போடறதா இருக்கேன். நிம்மதியாச் சாப்பிட்டாத்தானே நிம்மதியாக் கையெழுத்து வரும்?"

மேஜை மேல் மூடிய டப்பா உட்கார்ந்திருந்தது. கல்யாணசுந்தரத்தின் மனைவி ராஜி, புனேயின் சாங்வி பகுதி ஃப்ளாட்டில் சமைத்து, கொக்கி மாட்டி, ஔந்தில் இருந்த இந்த ஆபீசுக்கு அனுப்பும் பதினொரு டப்பாக்களில் அது முதல் டப்பா. போன வருடம் கணபதி பூஜை சமயத்தில் தொழில் ஆரம்பித்தபோது மகாதேவனின் மனைவி ரோஹிணிதான் முதலில் டப்பா வேண்டும் என்று சொன்னாள். வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, அடுப்பு தனி, கரண்டி தனி. அவள் சொன்னதால் மற்ற டப்பாக்கள் தானாக வந்தன.

கடைசியாக வந்தது இன்பநாதனின் டப்பா. ஆபீசில் பேனாவிலிருந்து நாற்காலி வரை எல்லாவற்றையும் பூட்டி வைத்துக் கொடுக்கிற ஸ்டோர்ஸ் அதிகாரி. கட்கி கன்டோன்மென்ட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். அவர் மனைவி ஃப்ளோரா டீச்சருக்குக் காலையில் சமைக்க நேரமில்லை. அவள் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்: தினமும் ஏதாவது ஓர் உயிர் டப்பாவுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இந்தத் திங்கட்கிழமை அந்த உயிர், மீன்.

மகாதேவன் ஒரு மணிக்குக் கேபின் திரையை இறக்கிவிட்டுத் தனியாகச் சாப்பிடுகிறவர். ஆசாரம் என்று ஆபீஸ் முடிவு கட்டியிருந்தது. இன்பநாதனும் ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் தனியாகத்தான் சாப்பிடுவார். மீன் வறுவலுக்கு யாராவது கை நீட்டிவிடுவார்கள் என்ற பயம் என்று அதற்கும் ஒரு முடிவு கட்டியிருந்தது. ஆசாரமான மனிதர் திரையை இறக்கி, கொக்கியைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளே மீன் குழம்பைப் பார்த்த காட்சி கல்யாணசுந்தரத்தின் மனதில் ஓடியது. பிரஸ்ஸல்ஸ் விமானம் அவன் இல்லாமல் மேலே ஏறியது.

"சாயந்திரமே சரி பண்ணிடறேன் சார்."

"பண்ணுங்க. நான் மீட்டிங்ல சொன்னதுதானே? தப்பு மேஜைக்கு வந்தப்புறம் பிடிக்கக் கூடாது. டப்பாவை மூடும்போதே பிடிக்கணும்."

அவர் மீட்டிங்கில் அதைச் சொன்னது ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் பற்றி. அந்த 2005-இல் ஜாவாவின் புதுப் பதிப்பு மகாதேவனைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவரை ஒரு லிஸ்ட் என்றால் அதில் எதையும் போடலாம். இன்ஷூரன்ஸ் பாலிசி, பாலிசிதாரர், பாலிசிதாரரின் நாய்க்குட்டி, எதையும். வெளியே எடுக்கும்போது, 'இது பாலிசிதான், என்னை நம்பு' என்று ப்ரோகிராம் எழுதியவன் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் பொய்த்தால் பெல்ஜியத்தில் வாடிக்கையாளர் ஒருவரின் கம்ப்யூட்டர் திரை சிவக்கும். புனேயில் ஒருவர் முகம் சிவக்கும்.

புதுப் பதிப்பில் லிஸ்டுக்குப் பக்கத்திலேயே < > என்ற கோண அடைப்புக்குள் எழுதிவிடலாம்: இது பாலிசிகளின் லிஸ்ட். அதில் நாய்க்குட்டியைத் திணிக்கப் போனால், ப்ரோகிராம் ஓடுவதற்கு முன்பே அதைச் சரிபார்க்கிற கம்பைலர் அப்போதே கையைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஜெனரிக்ஸ் என்று பெயர். பழைய ப்ரோகிராம் மொத்தத்தையும் இப்படி மாற்றுகிற வேலை கல்யாணசுந்தரத்துடையது. மூன்று மாதமாக மாற்றியதில், தெருவில் போகிற எருமையைப் பார்த்தாலும் அதற்கு இரண்டு பக்கமும் கோண அடைப்பு தெரிகிற நிலைக்கு வந்திருந்தான். பிரஸ்ஸல்ஸில் ஆறு மாதம் தங்கி மிச்சத்தை மாற்ற வேண்டும். பெட்டி வாங்கியாகிவிட்டது. பெட்டிக்குக் குட்டிப் பூட்டு இரண்டும் வாங்கியாகிவிட்டது. பாக்கி, கையெழுத்து.

*

"நான் உன்னைக் குத்தம் சொல்லல ராஜி. உன் டிசைனைச் சொல்றேன்."

"என் சாம்பாரையா?"

"டிசைன்! பதினொரு டப்பா, எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர். எதுல என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

ராஜி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "மகாதேவன் சாரோடது மூடில நசுங்கல். இன்பநாதன் சாரோடது கொக்கி லூஸ். ஜோஷுவாவோடது கைப்பிடி கோணல். எனக்குத் தெரியும். பாண்டுரங்குக்குத் தெரியும். பாண்டுரங் வாரிக்குப் போயிருக்கறதால, புது ஆள் தத்துவுக்கும் காலையில ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டினேன். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கிட்டாரு."

பாண்டுரங்தான் தினமும் சைக்கிளில் டப்பா கொண்டு போகிறவர். ஆளந்தியிலிருந்து பல்லக்கோடு கிளம்பி, பண்டரிபுரம் வரை நடக்கிற வாரி யாத்திரைக் கூட்டத்தில் ஜேஜுரி வரை நடந்துவிட்டு, வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துத் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தார். பதிலுக்குத் தன் மச்சான் தத்துவை விட்டிருந்தார். தத்து சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். இந்தக் குணத்தால் எவ்வளவு சேதம் வரும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

"பாத்தியா, எல்லாம் உன் மனசுல இருக்கு. டப்பா மேல இல்ல," என்றான் கல்யாணசுந்தரம். ஸ்டிக்கர் கட்டையும் ஸ்கெட்ச் பேனாவையும் எடுத்து உட்கார்ந்தான். டப்பா, கோண அடைப்பு, உள்ளே 'சைவம்'. டப்பா, கோண அடைப்பு, உள்ளே 'அசைவம்'. புரியாமல் போகக் கூடாதென்று பக்கத்தில் மராத்தியிலும் எழுதினான்.

"ஜோஷுவா எது குடுத்தாலும் சாப்பிடுவானே, அவனுக்கு?"

"கேள்விக்குறி. ஜெனரிக்ஸ்ல அதுக்கும் இடம் இருக்கு."

"ஹரீஷ் முட்டை மட்டும் சாப்பிடுவான்."

பேனா நின்றது. "முட்டை சைவத்தோட பிள்ளையா, அசைவத்தோட பிள்ளையா?"

"கோழியோட பிள்ளைங்க."

*

செவ்வாய்க்கிழமை மழை கொட்டியது. ஒன்றரை மணிக்குக் கேபின் திரை மேலே போனது. மகாதேவன் வெளியே வந்தார். எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தார். மூன்று வருடத்தில் அவர் பாடி யாரும் கேட்டதில்லை.

"பேஷ், கல்யாணம்! இன்னிக்கு சரியா வந்துடுத்து. பெரிய ஆள்தான் நீங்க."

"லேபிள் சார். டைப்பை மேலயே எழுதிட்டோம்."

"என்னத்தை எழுதினேளோ. இப்படியே இருக்கட்டும்."

கல்யாணசுந்தரம் உடனே வீட்டுக்குப் போன் போட்டு, தன்னைப் பற்றித் தானே நாலு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டான்.

சாயந்திரம் காலி டப்பாக்கள் வந்தபோது ஒன்றிலும் லேபிள் இல்லை. தத்து சைக்கிள் கூடையிலிருந்து ஒரு காகிதக் கூழை எடுத்து, மரியாதையாக ராஜியிடம் நீட்டினார்.

"மழைல எல்லாம் ஊறி விழுந்துடுச்சு, தாயி," என்றார் மராத்தியில்.

"அப்ப எது யாருதுன்னு எப்படித் தெரிஞ்சது? நசுங்கலைப் பாத்தா?"

"லேபிள் வந்ததும் நசுங்கலை மறந்துட்டேன். கணபதி பேரைச் சொல்லி ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். எல்லாரும் காலி பண்ணிட்டாங்க."

ராஜி கணவனைப் பார்த்தாள். "என்னங்க, லேபிள் போகிற வழியிலேயே போயிடுச்சாமே?"

"ஜாவாவுலயும் அப்படித்தான் ராஜி. கம்பைல் பண்ற வரைக்கும்தான் லேபிள். ஓடும்போது அழிச்சுடும்."

"அப்ப எதுக்கு எழுதணும்?"

இந்தக் கேள்வியை அந்த வருடம் உலகத்தில் பல பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணசுந்தரம் அடுத்த யோசனைக்குத் தாவினான். "இன்னிக்கு சரியாப் போனது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ப்ரோகிராம் எழுதக் கூடாது. அழியாத மாதிரி பண்றேன் பாரு."

*

புதன்கிழமை டப்பாக்கள் ஆயில் பெயிண்ட்டில் போயின. மெதுவடை அளவுக்குப் புள்ளி. சைவத்துக்குப் பச்சை, அசைவத்துக்குச் சிவப்பு. புள்ளிக்குக் கீழே பெயர். ஜோஷுவாவின் டப்பாவில் மஞ்சளில் ஒரு கேள்விக்குறி. ஆபீஸ் வாசலில் தத்து சைக்கிளை நிறுத்தியபோது வாட்ச்மேன், இது என்ன கட்சி என்று விசாரித்தார்.

ஒன்று ஐம்பதுக்கு மகாதேவன் கூப்பிட்டார்.

"நேத்து சரியா இருந்ததே. இன்னிக்கு என்ன கேடு?"

"மறுபடியுமா? சார், பெயிண்ட்டே அடிச்சோமே!"

"பாத்தேன். ஆபீஸே பாத்தது." அவர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்த நாற்பது தலைகளைப் பார்த்தார். "முன்னெல்லாம் எந்த டப்பா எந்தக் கையில இருந்தாலும் டப்பாதான். இப்ப ஒரு மனுஷன் ஒரு டப்பாவை எடுத்துண்டு நாலு அடி நடக்க முடியாது."

அவர் எதற்கு டப்பாவோடு நாலு அடி நடக்க வேண்டும் என்று கல்யாணசுந்தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெளியே வந்தால் இன்பநாதன் நின்றிருந்தார்.

"அரே தம்பி, க்யா ஹோ கயா, என்ன ஆச்சு? என் டப்பா எங்கப்பா போச்சு?"

"உங்களுக்கும் மாறிடுச்சா அங்கிள்?"

"பில்குல், மாறிடுச்சு. திங்கக்கிழமை ஒருதரம், இன்னிக்கு ஒருதரம். நேத்து மட்டும் ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ். பத்து மாசமா ஒரு குறை இல்ல. இப்ப என்ன நடக்குது உன் வீட்ல?"

ஆக, இரண்டு பேருக்கும் மாறியிருக்கிறது. தத்துதான் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவர் என்று கல்யாணசுந்தரம் முடிவு செய்தான்.

வியாழக்கிழமை அவனே கிளம்பினான். சாங்வியிலிருந்து தத்துவின் சைக்கிளுக்குப் பின்னால், சைக்கிள் வேகத்தில் ஸ்கூட்டரை ஓட்டினான். பாலத்தின் மேல் அவனை நாலு பஸ்களும் ஒரு மாட்டுவண்டியும் திட்டிவிட்டுத் தாண்டின. ஆபீசில் இரண்டு டப்பாக்களையும் தன் கையாலேயே தூக்கிப் போனான். சிவப்பை இன்பநாதன் மடியில் வைத்தான். பச்சையை மகாதேவன் மேஜையில் வைத்து, புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினான்.

"பச்சை, சார்."

"தெரியறது," என்றார் மகாதேவன். திரை, துக்க வீட்டுத் திரை மாதிரி மெதுவாக இறங்கியது.

அரைமணி நேரம் கழித்து ஏறியபோது அவர் குரல் கிட்டத்தட்ட கேட்கவே இல்லை. "பிரஸ்ஸல்ஸ்ல குளிர் ஜாஸ்தி, கல்யாணம். உங்க உடம்புக்கு ஒத்துக்குமான்னு யோசிச்சிண்டிருக்கேன்."

இருக்கைக்குத் திரும்பினால் அவன் நாற்காலி இல்லை. அந்த இடத்தில் மூன்று சக்கரமும் ஒரு செங்கல்லும் வைத்த வேறொன்று இருந்தது. ஸ்டோர்ஸுக்குப் போன் செய்தான். "ஸ்டாக் நஹீ ஹை. இல்ல," என்றார் இன்பநாதன்.

*

"நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? நீ உள்ள சரியாத்தான் வைக்கிறியா?"

ராஜி அடுப்பை அணைத்தாள். அது நல்ல அறிகுறி இல்லை.

"தயிர்சாதத்துக்கும் கோழிக் குழம்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதுங்கறீங்க?"

"அப்படி இல்ல..."

"உங்க கோண அடைப்பு வர்ற வரைக்கும் பத்து மாசம் ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ரோஹிணி மாமி காதுக்கு இது போச்சுன்னா அவங்களும் நிப்பாங்க, அவங்களைப் பாத்து மத்தவங்களும் நிப்பாங்க. நாளைக்கும் புகார் வந்தா திங்கக்கிழமைலேர்ந்து டப்பாவே கிடையாது. நான் மூடிடறேன்."

"ராஜி..."

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ரெண்டு பேரும் மாறிடுச்சு, மாறிடுச்சுங்கறாங்க. பேசாம நாமளே மாத்தி அனுப்பிட்டா என்ன?"

கல்யாணசுந்தரம் காதைப் பொத்திக்கொண்டான். "அது சத்தியம் பண்ணி ஏமாத்தற பழைய வழி! உள்ள மீன், மேல பச்சைப் புள்ளியா? மூணு மாசமா அதைத்தான் பிடிச்சுப் பிடிச்சு அழிச்சுட்டு வரேன். என் வீட்டுச் சமையலறைலயே அது நடக்கணுமா?"

"நடந்தா என்ன?"

"நான் மேஜைல வைக்கிறதுக்கும் அவர் திறக்கறதுக்கும் நடுவுலதான் எவனோ விளையாடறான். தப்பான டப்பா திறக்கவே கூடாது. அதான் வழி." அவன் பார்வை அலமாரி மேலிருந்த புதுப் பெட்டிக்குப் போனது. அதில் தொங்கிய இரண்டு குட்டிப் பூட்டுகளுக்கும் போனது.

இதன் சாவி அதற்குச் சேரவில்லை என்பதைப் பத்து முறை சோதித்தான். ஒவ்வொரு முறையும் சேராதபோது அவனுக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை ராஜி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, உருளைக்கிழங்கு நறுக்கப் போனாள்.

*

வெள்ளிக்கிழமை காலை மகாதேவனின் மேஜையில் ஒரு சாவியை வைத்தான். பக்கத்திலேயே பிரஸ்ஸல்ஸ் லெட்டர் இருந்தது. பேனாவின் மூடி கழற்றப்பட்டிருந்தது.

"இனிமே உங்க சாவிக்கு உங்க டப்பா மட்டும்தான் திறக்கும் சார். இன்பநாதன் அங்கிளுக்கு அவர் சாவி. மாத்தவே முடியாது."

மகாதேவன் சாவியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "எல்லாம் தெரிஞ்சுதான் பண்றீங்களா, கல்யாணம்?"

"எல்லாம் தெரிஞ்சுதான் சார்!" என்றான் பெருமையாக.

மகாதேவன் பேனாவை மூடினார்.

ஒன்று பத்துக்குப் போன் வந்தது. "வாங்க."

கேபினுக்குள் நுழைந்ததுமே வாசனை வந்தது. வறுத்த வஞ்சிரம், புனேக்காரர்களுக்கு சுர்மை. மேஜை மேல் இருந்தது சிவப்புப் புள்ளி டப்பா. சுற்றிலும் ஒரு ஸ்டேப்ளர், உடைந்த ஸ்கேல், நிமிர்த்தின ஜெம் கிளிப்புகள், காகிதம் கிழிக்கிற கத்தி. நடுவில் பூட்டு, ஒரு கீறலும் இல்லாமல்.

கல்யாணசுந்தரத்துக்கு முதலில் மயக்கம் வந்தது. பிறகு புரிந்தது. புரிந்ததும் குதித்தான்.

"பாத்தீங்களா சார்! மாறித்தான் வந்திருக்கு. இப்பதான் கையும் களவுமா மாட்டியிருக்கு. ஆனா திறக்கல பாருங்க! மீன் உங்க கண்ணுல படவே இல்ல! இதான் சார் ஜெனரிக்ஸ்!"

"திறக்கல," என்றார் மகாதேவன்.

"உங்க சாவிக்கு இது ஜென்மத்துக்கும் திறக்காது சார்."

மகாதேவன் தன் சாவியை மேஜை மேல் போட்டார். அவர் டை தளர்ந்திருந்தது. கட்டைவிரலில் ரத்தம் கசிந்திருந்தது. "இந்த டப்பா விஷயம் தீராம பிரஸ்ஸல்ஸ் பேச்சே கிடையாது," என்றார்.

கதவு தட்டாமல் திறந்தது. இன்பநாதன். ஒரு கையில் பச்சைப் புள்ளி டப்பா, மறு கையில் முழங்கை மாதிரி வளைந்துபோன சாவி. கல்யாணசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டான். பிரஸ்ஸல்ஸ் போனது, இனி நாற்காலியின் அந்தச் செங்கல்லும் போகும், திங்கட்கிழமையிலிருந்து ராஜியின் அடுப்பும் அணையும்.

இன்பநாதனுக்குப் பின்னால் பாண்டுரங் வந்தார். காலையில்தான் ஜேஜுரியிலிருந்து இறங்கி, மச்சானை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தானே டப்பா எடுத்து வந்திருந்தார். நெற்றி முழுக்க மஞ்சள், கழுத்தில் துளசி மாலை, உள்ளங்கையில் மூன்று பேருக்கும் பிரசாதம். சிவப்புப் புள்ளியின் பூட்டைப் பார்த்தார். பச்சைப் புள்ளியின் பூட்டைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"மீன் டப்பாவைப் பெரிய சாகேபுக்கும் தயிர்சாத டப்பாவை இன்பநாதன் சாகேபுக்கும், நீங்க ரெண்டு பேரும் சொன்னபடி பத்து மாசம் ஒரு நாள் பிசகாம, ஒருத்தர் கண்ணுலயும் படாம மாத்திக் குடுத்தேனே," என்றார் பாண்டுரங் மராத்தியில், தழுதழுத்த குரலில், "அஞ்சே அஞ்சு நாள் சாமி பாக்கப் போனதுக்கு, என் மேல நம்பிக்கை இல்லாம பூட்டே போட்டுட்டீங்களே, சாகேப்?"